குள்ள சிக்லிட் குஞ்சு வளர்ப்பு: காக்கட்டூ அபிஸ்டோவில் தொடங்குவோருக்கு

சிக்லிட் குடும்பம் நமக்குப் புதிதல்ல. ஏரியில் வலை போட்டால் விழும் ஜிலேபிக் கெண்டையும் கேரளத்துக் கரிமீனும் அந்தக் குடும்பம்தான். முட்டையிட்டதோடு விட்டுப் போகாமல் குஞ்சுகளைக் கூடவே இருந்து காப்பது இந்தக் குடும்பத்தின் அடையாளம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க குளம் வேண்டாம், இரண்டடித் தொட்டி போதும். பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் குள்ள சிக்லிட்டுகள் அதற்கென்றே வாய்த்தவை.

கப்பி, மோலி வளர்த்துப் பழகியவர்கள் அடுத்து எதை எடுக்கலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது காக்கட்டூ அபிஸ்டோ. முழுப் பெயர் அபிஸ்டோகிராமா ககாட்டுவாய்டெஸ். ராம் என்ற இன்னொரு குள்ள சிக்லிட் அழகுதான், ஆனால் அதற்கு 28 டிகிரிக்கு மேல் சூடும், உப்பு குறைந்த நல்ல மென்னீரும் வேண்டும். அதோடு கடையில் கிடைக்கும் ராம்களில் பல, பெற்றோர் இல்லாமல் வளர்க்கப்பட்ட தலைமுறைகளிலிருந்து வருபவை. முட்டையைத் தின்றுவிடும் பழக்கம் அவற்றில் அதிகம். கிரிபென்சிஸ் என்ற மற்றொரு குள்ள சிக்லிட் சுலபம், ஆனால் குஞ்சு வைத்திருக்கும் ஜோடி தொட்டியில் வேறு எதையும் நிம்மதியாக இருக்க விடாது. காக்கட்டூ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நம் ஊர்த் தண்ணீரோடு ஓரளவு ஒத்துப்போகும், தாயும் பொறுப்பானவள்.

இதில் உங்கள் வேலை பெரும்பாலும் முட்டைக்கு முன்பே முடிந்துவிடும். தண்ணீரும் குகையும் சாப்பாடும் சரியாக இருந்தால் மற்றதைப் பெண் மீன் பார்த்துக்கொள்வாள். அதன்பின் உங்களுக்கு மிச்சம் இருப்பது குஞ்சுக்கு உணவு, தண்ணீரின் சூடு, குறுக்கே போகாமல் இருக்கும் பொறுமை, இவ்வளவுதான்.

மீனைப் பற்றிக் கொஞ்சம்

இதன் சொந்த ஊர் பெரு நாட்டு உக்காயாலி ஆறும் அதைச் சுற்றிய மேல் அமேசான் பகுதியும். ஆற்றின் நடுவே இது வாழ்வதில்லை. ஓரத்து ஓடைகளில், தண்ணீர் மெதுவாக நகரும் இடத்தில், உதிர்ந்த இலைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும் தரையில்தான் இருக்கும். இலைக்கு அடியில் ஒளிவது, இலைமேல் ஊறும் சிறு பூச்சிகளைத் தின்பது, இடுக்கு கிடைத்தால் அதன் கூரையில் முட்டையிடுவது, இதுதான் அதன் வாழ்க்கை. தொட்டியை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு குறிப்பு வேண்டாம்.

ஆண் சுமார் 8 சென்டிமீட்டர் வளரும். முதுகுத் துடுப்பின் முன்பக்க முட்கள் நீண்டு, கொண்டைக்கிளியின் கொண்டை போல எழுந்து நிற்கும். பெயர் வந்ததும் அதனால்தான். பெண் 5 சென்டிமீட்டர்தான், சாதாரண நாட்களில் சாம்பல் கலந்த மஞ்சள் நிறம். கடையில் டபுள் ரெட், ட்ரிபிள் ரெட், ஆரஞ்சு ஃப்ளாஷ் என்று விற்பவை எல்லாம் இதே இனத்தின் வளர்ப்பு வகைகள். குஞ்சு பொரிக்கும் விதத்தில் வேறுபாடு கிடையாது.

ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று ஒரு குகையையும் அதைச் சுற்றிச் சிறு எல்லையையும் வைத்துக்கொள்வாள். ஆண் எல்லோருடைய எல்லைக்கும் வெளியே காவல் சுற்றும். இரண்டடித் தொட்டியில் ஓர் ஆண், ஒரு பெண் போதும். இரண்டு மூன்று பெண்களை வைக்க ஆசைப்பட்டால் மூன்றடித் தொட்டிக்குப் போய்விடுங்கள்.

தொட்டி

60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். ஏறக்குறைய 54 லிட்டர். உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் முக்கியம், ஏனென்றால் இந்த மீன் தரையில் வாழ்வது.

அடியில் மெல்லிய மணல் பரப்புங்கள். அபிஸ்டோ மணலை வாயில் அள்ளிச் சலித்துத் தின்னும். பெண் சில நேரம் மணலைக் குவித்துக் குகை வாசலைச் சின்னதாக்குவாள். ஆற்று மணலைத் தண்ணீர் தெளியும்வரை கழுவிப் போட்டால் சரியாக இருக்கும். வண்ணம் பூசிய கூழாங்கல் வேண்டாம்.

ஃபில்டருக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே சிறந்தது. பவர் ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். மின்வெட்டு உள்ள ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

குகைக்குக் கொட்டாங்குச்சியை மிஞ்ச ஒன்றுமில்லை. நாரையும் ஒட்டியிருக்கும் தேங்காயையும் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, நன்றாகக் கொதிக்க வைத்து, இரண்டு நாள் ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். விளிம்பில் ஒரு சிறு வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் குகை தயார். வாசல் பெண் நுழையும் அளவுக்கு, இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் போதும். பெரிய வாசல் இருந்தால் காவல் காப்பது அவளுக்குக் கஷ்டம். சின்ன மண்சட்டி, ஒரு பக்கம் மூடிய ஒரு அங்குல பி.வி.சி. குழாய், இவையும் சரிதான். ஒரு பெண்ணுக்கு இரண்டு குகையாவது வையுங்கள், தேர்ந்தெடுப்பது அவள் விருப்பம். வாசல் கண்ணாடியை நேராகப் பார்க்காமல் சற்றுத் திரும்பியிருந்தால் அவளுக்குப் பயம் குறையும்.

செடிக்கு ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், மேலே மிதக்க கொஞ்சம் ஆகாயத்தாமரை வகை ஏதாவது. வெளிச்சம் மங்கலாக இருப்பதே நல்லது. தரையில் காய்ந்த பாதாம் இலை பரப்புங்கள். தெருவோரம் குடை மாதிரி நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் இலையைத்தான் சொல்கிறேன். தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த இலை வேண்டும், பச்சை இலை கூடாது. மருந்து அடிக்காத மரமா, சாக்கடை ஓரமா என்று பார்த்து எடுங்கள். கழுவிவிட்டு 50 லிட்டருக்கு இரண்டு மூன்று இலை போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். இலை மெதுவாக மக்கும்போது அதில் வளரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பின்னால் குஞ்சுக்கு இடைத்தீனி ஆகும்.

மீன் விடுமுன் தொட்டியை நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிட்டுப் பழக்க வேண்டும். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர்ந்து, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். இதில் அவசரப்பட்டால் பிறகு எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது.

தண்ணீர்

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. காக்கட்டூ மற்ற அபிஸ்டோக்களைவிடச் சகிப்புத்தன்மை உள்ள மீன். நடுத்தரக் கடினத் தண்ணீரிலும் உயிரோடு நன்றாகவே இருக்கும். ஆனால் முட்டை பொரிய வேண்டும் என்றால் மென்னீர் பக்கம் போவது நல்லது. பி.ஹெச். (அமில-காரத் தன்மை) 6.5 முதல் 7.2, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பின் அளவு) 100 முதல் 200 என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

சென்னை போர்வெல் தண்ணீர் பல இடங்களில் டி.டி.எஸ். 900, 1000 என்று காட்டும். அதை அப்படியே ஊற்றக் கூடாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்துகொள்ளலாம். கணக்கு எளிது. போர்வெல் 900, ஆர்.ஓ. 50 என்றால், ஒரு பங்கு போர்வெல்லுக்கு ஏழு பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் 156 வரும். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஊகத்தில் கலக்க வேண்டாம். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தவறு. அதில் தாங்கிப் பிடிக்கும் உப்பு இல்லாததால் பி.ஹெச். சட்டென்று சரியும். 6-க்குக் கீழே போனால் ஃபில்டர் பாக்டீரியாவின் வேகமும் குறையும்.

வாட்டர் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரை மென்னீர் என்று நம்பிவிடாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது, மொத்த உப்பு குறைவதில்லை. குழாய்த் தண்ணீர் பயன்படுத்துவோர் குளோரினை நீக்கும் மருந்தை மறக்காமல் சேர்க்க வேண்டும்.

மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. முதல் மழையை விட்டுவிடுங்கள். கூரையும் காற்றும் கழுவப்பட்ட பிறகு பெய்யும் மழையை மூடிய டிரம்மில் பிடித்து, ஆர்.ஓ.வுக்குப் பதிலாக இதையே கலக்கலாம்.

மீன் வாங்குவது

ஜோடி என்று கட்டிக் கொடுப்பதை வாங்குவதைவிட, இரண்டரை மூன்று சென்டிமீட்டர் உள்ள இளம் மீன் ஆறு வாங்கி வளர்ப்பதே என் யோசனை. அவை தாமாகவே ஜோடி சேரும், அந்த ஜோடியை மட்டும் இரண்டடித் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் கேட்டுப் பார்த்தால் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கூட்டத்தில் அடங்கிப்போன ஆண், நிறத்தையும் துடுப்பையும் காட்டாமல் பெண் மாதிரியே இருக்கும். பெண் என்று நினைத்து வாங்கிவந்தது தனித் தொட்டியில் இரண்டு வாரத்தில் கொண்டை வளர்த்து நிற்பது இந்த இனத்தில் சகஜம். வயது வந்த பெண்ணின் வயிற்றுத் துடுப்பின் முன் ஓரத்தில் கறுப்பு தெளிவாகத் தெரியும். அதைப் பாருங்கள், உடல் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வயிறு ஒட்டிய மீன், வெள்ளையாக நூல் போலக் கழியும் மீன் இரண்டையும் தொடாதீர்கள், குடல் புழுவாக இருக்கலாம். வந்தவுடன் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துக் கவனியுங்கள்.

முட்டைக்குத் தயார் செய்வது

உலர் தீனியில் மட்டும் வளர்ந்த பெண்ணுக்கு முட்டை திரள்வது அரிது. உயிருள்ள உணவு அல்லது உறைந்த உணவு வேண்டும். டாஃப்னியா என்ற சிறு நீர்ப்பூச்சி, கொசுப்புழு, உறைந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்), ரத்தப்புழு என்று மாற்றி மாற்றி ஒரு நாளைக்கு இரண்டு முறை, சிறிது சிறிதாக. கொசுப்புழுவை வளர்ப்பதாக இருந்தால் தினமும் வடிகட்டி எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் வீட்டில் கொசுதான் மிஞ்சும். டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில் பிடிக்கப்படுவதால் நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் பெண்ணின் வயிறு உருண்டு நிறம் மாறத் தொடங்கும். அப்போது மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, தொட்டியைவிட இரண்டு டிகிரி குளிர்ந்த மென்னீரால் மாற்றுங்கள். மழை வந்தது போல அவற்றுக்குத் தோன்றும். பல நேரம் அடுத்த சில நாட்களில் பெண் எலுமிச்சை மஞ்சளாகி, கறுப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிய, உடலை வளைத்து ஆணின் முன் நடுங்கிக் காட்டி, குகைப் பக்கம் அழைத்துப் போவாள்.

அப்புறம் ஒருநாள் அவளைக் காணவில்லை என்று தேடுவீர்கள். சற்று நேரம் கழித்துக் குகை வாசலில் தலை மட்டும் தெரியும், ஆண் அருகே வந்தால் பாய்ந்து விரட்டுவாள். முட்டை வந்துவிட்டது என்று அர்த்தம்.

தாயின் நேரம்

முட்டைகள் குகைக் கூரையில் ஒட்டியிருக்கும், செம்பழுப்பு நிறம், பெரும்பாலும் 60 முதல் 100 வரை. பார்க்க ஆசையாக இருக்கும். குகையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். பயந்துபோன தாய் முட்டையைத் தின்றுவிடுவாள். டார்ச் அடிப்பதும் அதே விளைவைத் தரும்.

ஆணை என்ன செய்வது? தொட்டியில் அவன் ஒதுங்க இடம் இருந்து, துடுப்பு கிழியாமல் இருந்தால் இருக்கட்டும், வெளிக்காவல் அவன் பொறுப்பு. ஒரு மூலையில் தண்ணீர் மட்டத்தில் பதுங்கிக் கிடந்தால் உடனே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அளவில் சிறியவள்தான் என்றாலும், சின்னத் தொட்டியில் அவள் அவனைக் கொன்றே விடுவாள். கோரிடோரஸ், ப்ளெகோ போன்ற அடித்தள மீன்கள் இந்தத் தொட்டியில் இருக்கவே கூடாது, இரவில் அவள் கண் தெரியாத நேரத்தில் முட்டையை மேய்ந்துவிடும். மேல்மட்டத்தில் நீந்தும் நான்கைந்து பென்சில் மீன் இருந்தால் தவறில்லை. சுற்றிலும் சிறு மீன்கள் பயமின்றி நீந்துவதைப் பார்த்தால் அபிஸ்டோ தைரியமாக வெளியே வரும்.

26 டிகிரியில் மூன்று நாளில் முட்டை பொரியும். பொரிந்தவை உடனே நீந்தாது. மஞ்சள்கருப் பையோடு ஒட்டிக்கொண்டு துடித்துக்கொண்டே இருக்கும். தாய் அவற்றை வாயில் அள்ளி ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு மாற்றுவாள். வாயில் எடுப்பதைப் பார்த்துத் தின்கிறாள் என்று பதறிப் பிரித்துவிடாதீர்கள். எட்டாம் நாள் வாக்கில் அவள் பின்னால் ஒரு மேகம் போலக் குஞ்சுகள் குகையை விட்டு வெளியே வரும்.

இதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கவே இந்த மீனை வளர்க்கலாம். அவள் தன் உடலைச் சட்டென்று ஒருமுறை உதறினால் அத்தனை குஞ்சும் தரையில் ஒட்டி அசையாமல் கிடக்கும். துடுப்பை வேறு விதமாக அசைத்தால் மீண்டும் எழுந்து பின்தொடரும். மாலை விளக்கு அணையுமுன் எல்லாவற்றையும் சேர்த்துக் குகைக்குள் கொண்டு போவாள். அதனால் விளக்கைத் திடீரென்று அணைக்காதீர்கள். அறை வெளிச்சம் சிறிது நேரம் இருக்கட்டும், சிதறியவற்றை அவள் பொறுக்கிக்கொள்வாள்.

முதல் முறை முட்டை காணாமல் போனால் மனம் தளர வேண்டாம். இளம் தாய்கள் ஒன்றிரண்டு தடவை தின்றுவிட்டுத்தான் பழகுவார்கள். நன்றாகத் தீனி கொடுங்கள், சில வாரத்தில் மீண்டும் இடுவாள். முட்டைகள் எல்லாமே வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்தால் காரணம் வேறு. தண்ணீர் கடினமாக இருக்கலாம், ஆண் இளையவனாக இருக்கலாம்.

ஆர்ட்டீமியா

குஞ்சு நீந்தும் அன்றே சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். அப்போதுதான் முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியாவை இவை முதல் நாளிலிருந்தே தின்னும் அளவுக்குப் பெரியவை. இந்த இனத்தின் பெரிய வசதி இது.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கல் உப்பு, கால் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, அடிவரை போகும் ஏர் குழாய், பக்கத்தில் ஒரு விளக்கு. நம் ஊர் அறைச் சூட்டில் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். மீன் முட்டையிட்ட ஆறாம் நாள் முதல் பாட்டிலைப் போடுங்கள், மறுநாள் இரண்டாவது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் தினமும் புதியது கிடைக்கும்.

காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கம் திரளும். குழாயால் அவற்றை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு போனால் குஞ்சின் குடலை அடைக்கும். பொரிந்து நேரமாக ஆகச் சத்து குறையும், அதனால் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம். குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது. நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரமே உயிர்வாழும். மிஞ்சியது செத்துத் தண்ணீரைக் கெடுப்பதோடு, ஹைட்ரா என்ற ஒட்டுயிரையும் பிளனேரியா என்ற தட்டைப்புழுவையும் பெருக்கிவிடும். ஹைட்ரா சின்னக் குஞ்சைப் பிடித்துத் தின்னும். தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஏர் குழாயால் மெதுவாக உறிஞ்சி, அதே சூட்டில் உள்ள புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உறிஞ்சிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள், வழி தவறிய குஞ்சைத் திரும்ப எடுத்துவிடலாம்.

சூடும் ஆண் பெண் கணக்கும்

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அபிஸ்டோ குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வளரும் தண்ணீரின் வெப்பமும் தீர்மானிக்கிறது. ரோமர், பைசென்ஹெர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பல அபிஸ்டோ இனங்களை வெவ்வேறு வெப்பத்தில் வளர்த்துப் பார்த்து 1996-இல் இதை வெளியிட்டார்கள். சூடு ஏற ஏற ஆண் கூடுகிறது, குறைந்தால் பெண் கூடுகிறது. சில இனங்களில் பி.ஹெச்.சும் இதில் பங்கு வகிக்கிறது. முதல் சில வாரங்களில் இது முடிவாகிவிடும்.

நமக்கு இது வெறும் தகவல் அல்ல. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியை எளிதில் தொடும். அந்த மாதத்தில் வளர்த்த குஞ்சுகள் பெரும்பாலும் ஆணாகத்தான் வரும். வளர்ந்தபின் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும், ஜோடி சேர்க்கப் பெண் இருக்காது. அதனால் நம் ஊரில் இதற்குச் சரியான பருவம் ஐப்பசி முதல் மாசி வரை. மழைநீரும் அப்போதுதான் கிடைக்கும், தொட்டியும் 25, 26 டிகிரியில் தானாகவே நிற்கும். ஹீட்டரை 26-இல் வைத்தால் மார்கழி இரவுக்கும் பயமில்லை. கோடையில்தான் செய்ய வேண்டும் என்றால் மூடியைத் திறந்து தண்ணீரின் மேல் சின்ன விசிறி ஓட விடுங்கள், இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அவ்வளவு குறையாது.

குஞ்சுகள் வளர்ந்த பிறகு

மூன்று நான்கு வாரத்தில் தாயின் மஞ்சள் மங்கி, அவள் குஞ்சுகளை விரட்டத் தொடங்கினால் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றும்போது பழைய தொட்டித் தண்ணீரையே நிரப்பி, ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். இந்த வயதில் பொடி செய்த தீனியும் ஏற்கும், ஆனாலும் ஆர்ட்டீமியாவை இரண்டு மாதம்வரை நிறுத்தாதீர்கள். வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றினால் வளர்ச்சி நன்றாக இருக்கும்.

மூன்று நான்கு மாதத்தில் ஆண் பெண் தெரியும். முதுகு வளைந்தவை, செவுள் மூடி குட்டையானவை இருந்தால் அவற்றை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். மிஞ்சியவற்றை மற்ற வளர்ப்போருக்கோ கடைக்கோ கொடுங்கள். ஏரியிலும் குளத்திலும் விடவே கூடாது. வெளியிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டை நம் நீர்நிலைகளில் எப்படிப் பெருகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த தலைமுறைக்கு உங்கள் குஞ்சுகளிலிருந்து இரண்டு மூன்று நல்ல பெண்களை வைத்துக்கொண்டு, ஆணை மட்டும் வேறு ஒருவரிடமிருந்து வாங்குங்கள். அண்ணன் தங்கையையே தொடர்ந்து சேர்த்தால் சில தலைமுறையில் குஞ்சின் எண்ணிக்கையும் உடல் வலுவும் குறையும். புது ஆணைச் சித்திரையிலேயே வாங்கிவிட்டால் கோடை முழுக்க வளர்ந்து தேறி, ஐப்பசி மழைக்குத் தயாராக இருக்கும்.